முப்பத்தாறு நாள் தண்ணீர்

என் மாமன் மகள் தனத்துக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தொட்டியில் மீன் இருக்கிறது. ஆறு. வந்து மூன்று வாரம் ஆகிறது, ஆறும் உயிரோடு இருக்கின்றன. இந்த வரியை எழுதும்போதுகூட எழுந்து போய் ஒருமுறை எண்ணிவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் ஆள் எண்ணின பழக்கம், ரிட்டயர் ஆனதும் போய்விடுமா?

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. நடந்ததை நம் மகள் அபியிடம் பாதி சொன்னேன், எங்கள் அக்காவிடம் பாதி சொன்னேன். முழுதாகச் சொல்ல நீதான் வேண்டும். சொல்லப்போவதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். நான் அழவில்லை, தனம். உன்னைத் தூக்கினபோது அழவில்லை, கொள்ளி வைத்தபோது அழவில்லை, பதினாறாம் நாள் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டபோதும் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு மரப்பு ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தேன். வந்த சனம் எனக்குப் பின்னால் என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அபி இருபது நாள் இருந்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குத் திரும்பினாள். தினமும் காலையில் போன் போட்டு, "என்னப்பா சாப்ட்டீங்க?" என்கிறாள். இட்லி என்கிறேன். அவளும் நம்புகிற மாதிரி இருந்துவிடுகிறாள். உன் கறிவேப்பிலைக் கன்று என் தோள் உயரம் வந்துவிட்டது.

தொட்டி வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன். அங்கன்வாடியில் ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் காபியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாய்.

"முப்பது வருசமா செவுத்துல வரைஞ்ச மீனத்தாங்க பிள்ளைகளுக்குக் காட்டிருக்கேன். ஒரு நா கூட அது நீந்தல. உசுரு மீனு வளத்துப் பாக்கணும்."

"அதுக்கென்ன, மார்க்கெட்டுல உசுரோட கெளுத்தி கெடைக்கும். கூட்டிட்டுப் போறேன், வா" என்றேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சிம்மக்கல் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது.

அதை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு வாரம். தையல் மெஷின் மேசையில் வைத்துவிடலாம் என்று நான் தூக்கப் போனேன். நீ கையைத் தட்டிவிட்டாய். "தண்ணி ஊத்துனா ஒரு ஆளு கனம் வரும்ங்க. மேசை தாங்காது" என்றாய். இரும்பு ஸ்டாண்டு வந்தது. அதன் மேல் தெர்மாகோல் வைத்தாய். அடியில் மணல் ஒன்று இருந்தாலும் கண்ணாடி விரிந்துவிடுமாம். ஜன்னல் வெயில் பட்டால் தண்ணீர் பாசி பிடிக்கும் என்று ஹாலின் இருட்டு மூலையைப் பிடித்தாய். எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்த படிப்பு.

கூழாங்கற்களைக் கொல்லையில் உட்கார்ந்து ஏழு தண்ணீரில் அலசினாய். "உலை வைக்கப் போறியா?" என்று கேட்டேன். அடுத்த வாளியை எடுத்தாய். நம் திருநகர் போர் தண்ணீர் குழாயெல்லாம் வெள்ளை படிய வைக்கும், அது வேண்டாம் என்று கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஒரு நாள் முழுக்க வாளிகளில் திறந்து வைத்தாய். கல்லுக்கு மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டின் மேல் மெதுவாக ஊற்றினாய். ஒரு கல்கூட அசையவில்லை. ஒரு மூலையில் ஸ்பாஞ்சு வைத்த ஃபில்டரைப் போட்டு, காற்று மோட்டாரை ஓடவிட்டாய். குமிழி குமிழியாக வந்தது. நானும் வந்து நின்று பார்த்தேன்.

"மீனு எங்க?" என்றேன்.

"இப்ப வராது. தண்ணி பக்குவப்படணும்."

"தண்ணிக்கு என்னடி பக்குவம்?"

சொன்னாய். மீன் கழிக்கிறதும் தின்னாமல் விட்ட இரையும் தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்கிற நுண்ணுயிர் ஒன்று இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக் குடித்தனம் நடத்தும். அது பெருகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்கு முன்னால் மீனை விட்டால் செத்துவிடும் என்றாய். என் காது கிரிக்கெட்டில் இருந்தது. முக்கால்வாசி காற்றில் போய்விட்டது.

தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தண்ணீரில் போட்டாய். அது அழுகினால்தான் அந்த நுண்ணுயிருக்குச் சாப்பாடாம். "இல்லாத மீனுக்குச் சோறு போடுறவ நீ ஒருத்திதான்" என்று பால்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் தொட்டியைக் காட்டி, "எங்க வீட்டு மீனு கண்ணுக்குத் தெரியாது" என்றேன். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"பஸ்ஸ ஸ்டாண்டுல நிப்பாட்டி, ஒரு ஆளக்கூட ஏத்தாம இஞ்சின மட்டும் ஓட்டிக்கிட்டே இருக்கியே, எப்பத்தான் கெளம்பும்?"

"கெளம்புறப்ப கெளம்பும். ஏறுன ஆளு உசுரோட எறங்கணும்ல, அத்த மவனே" என்றாய். கோபம் வந்தால்தான் உனக்கு நான் அத்தை மகன்.

பழைய அங்கன்வாடிப் பதிவேட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் தினமும் எழுதினாய். பிள்ளைகளின் எடையை எழுதின அதே கட்டங்கள், அதே சிவப்புக் கோடு. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாய். பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. நிறத்தை எழுதிவிட்டு மூடி வைத்துவிடுவாய். நான் ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நெஞ்சு என்னவோ செய்கிறது என்று உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதை எழுத வரவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்ததை மறுநாள் நான்தான் துடைத்தேன்.

என் தப்பு அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது.

நாங்கள் உன்னை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் இருந்த தண்ணீரை வைத்திருக்கக் கூடாதல்லவா? குடம், தவலை, பிரிட்ஜில் இருந்த பாட்டில் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. மேலூரிலிருந்து வந்த அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். உன் மதினியை உனக்குத் தெரியும். உன்னைக் குளிப்பாட்டியது அவள்தான். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றாள்.

"தம்பி, இதுவும் நின்ன தண்ணிதான். கொட்டிரணும்ல? எங்களால தூக்க முடியல."

"சரிக்கா" என்றேன்.

வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. இரு என்று சொல்லியிருக்கலாம். தனம் இதை ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். கொல்லையிலிருந்து ஹோஸைக் கொண்டுவந்து ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. மிச்சம் வாசல் சாக்கடையில் ஓடியது. அந்தக் கறிவேப்பிலைக் கன்றுக்காவது விட்டிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. தண்ணீர் இறங்க இறங்க ஃபில்டர் கரகரவென்று சத்தம் போட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். அக்கா கல்லையும் ஸ்பாஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் காயவைத்தாள்.

அதற்கப்புறம் வெறும் தொட்டி ஸ்டாண்டில் நின்றது. வருகிறவர்கள் கையில் இருப்பதை அதில் போட்டார்கள். கரண்டு பில் அட்டை, உன் மாத்திரைப் பட்டை, யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடிக் கூடு, அபியின் போன் சார்ஜர். ஒரு மாதம் போனதும் ஒரு காலையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் மீன் இருந்தால் உனக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

உடனே கிளம்பிவிட்டேன். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. திருமங்கலம் ரோட்டில் ஒரு கடையில் ஐந்து கறுப்பு மோலி மீன் வாங்கினேன். தொட்டியைச் சபீனா போட்டுத் தேய்த்தேன். குழாயில் ட்யூபைச் சொருகி நேராக நிரப்பினேன், பையைக் கவிழ்த்தேன். அரை மணியில் வேலை முடிந்தது. நீ ஒரு மாதத்துக்கு மேல் செய்ததை நான் அரை மணியில் முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஐந்தும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டேன். நாலாம் நாள் கடைசி மீனும் செத்தது. ஐந்தையும் கறிவேப்பிலைக்குக் கீழே புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டேன். ருசியும் தெரியவில்லை, துக்கமும் தெரியவில்லை. இந்த ஆளுக்கு என்னதான் ஆச்சு என்று என்னைப் பற்றியே யோசித்தேன்.

தொட்டியின் ஓரத்தில் சிம்மக்கல் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. தொட்டியில்தான் ஏதோ கோளாறு என்று சண்டை போடுகிற நினைப்பில் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது. நிதானமாகக் கேட்டார்.

"தொட்டில தண்ணி எப்பண்ணே ஊத்துனீக?"

"மீனு வாங்குன அன்னைக்கித்தான்."

"என்ன தண்ணி?"

"கொழாத் தண்ணி."

"தொட்டி மேல ஒரு குத்தமும் இல்லண்ணே. தண்ணிய ஒரு மாசம் ஓட விட்டுருக்கணும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார். "உங்க திருநகர்லயே ஒரு அம்மா இருக்காக. கண்ணாடி போட்டுருப்பாக. அங்கன்வாடி டீச்சராம். தொட்டிய வாங்கிட்டுப் போயிட்டு, மீனே வாங்காம மூணு தடவ வந்து வெறும் சந்தேகம் மட்டும் கேட்டுட்டுப் போனாக. தண்ணி ரெடியாயிருச்சு, ஞாயித்துக்கெழம வாரேன்னு போன் போட்டாக. அப்புறம் ஆளக் காணோம். அவுகளத் தேடிப் பிடிச்சுக் கேளுங்கண்ணே, அம்புட்டும் சொல்லுவாக."

அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், தனம்?

"சரி, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பீரோவில் உன் புடவைக்கு அடியில் பதிவேடு இருந்தது. தொட்டிக்கான முதல் பக்கத்தில் அதற்கு ஒரு பெயர் எழுதுகிற மாதிரி கோடு போட்டு, எழுதாமல் விட்டிருந்தாய். ஒன்றாம் நாள், ஒரு சிட்டிகை, மஞ்சள். ஐந்தாம் நாள், பச்சை. பதினோராம் நாள், கரும்பச்சை. இருபதாம் நாளுக்கு நேரே "இவுக இன்னைக்கும் கேலி" என்று எழுதியிருந்தாய். இருபத்தெட்டில் இளம்பச்சை. கடைசிப் பக்கம் வெள்ளிக்கிழமை, நீ போவதற்கு முந்தின நாள். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"முப்பத்தாறாம் நாள். மஞ்சள். பாதி டீச்சருக்குக் குடுத்தாச்சு. ஞாயிறு மீன் வாங்கணும். இவுகளையும் கூட்டிட்டுப் போகணும். வரமாட்டேம்பாக."

நான் வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வண்டியை வெளியில் நிறுத்தி, சீக்கிரம் வா என்று ஹாரன் அடித்திருப்பேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் நான் கொட்டியது என்ன என்று புரிந்தது. அது குடத்துத் தண்ணீர் மாதிரி நின்ற தண்ணீர் இல்லை. நீ முப்பத்தாறு நாள் சோறு போட்டு வளர்த்த குடித்தனம். கண்ணுக்குத் தெரியாது என்று நான் ஊரெல்லாம் கேலி செய்தது, உண்மையிலேயே அங்கே இருந்திருக்கிறது. வாயை வைத்து உறிஞ்சிச் சாக்கடையில் விட்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். குற்றம் சொல்ல இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு என்னடா தெரியும்? மீனு கெடந்திருந்தா கொட்டச் சொல்லிருப்பனா? வெறுந்தண்ணியாத்தானடா இருந்துச்சு."

"நான்தாங்க்கா கொட்டுனேன். நீ தூக்கக்கூட இல்ல."

"அவ சாமானத் தொட்டுட்டேனே" என்று அழுதாள். அவள் அழுகிறாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போனைப் பிடித்தபடி நிற்கிறேன். அப்போதும் எனக்கு வரவில்லை.

மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். உன் பதிவேட்டைத் திறந்து வைத்து, நீ செய்தபடியே. சபீனா வாடை போகும்வரை தொட்டியை அலசினேன். கல்லை ஏழு தண்ணீர். வாளிகளில் ஒரு நாள் தண்ணீர். தெர்மாகோல். தட்டை வைத்து ஊற்றினேன். எனக்குக் கல் அசைந்தது. புது ஸ்பாஞ்சு வாங்கிப் போட்டேன். காலை ஏழு மணிக்கு ஒரு சிட்டிகை தீனி. இல்லாத மீனுக்குச் சோறு போட்டுவிட்டு, உன் படத்துக்கு முன்னால் காபியை வைத்துவிட்டு, என் காபியைக் குடிப்பேன். ஒரு நாளில் நான் உருப்படியாகச் செய்தது அந்த அரை மணி வேலைதான்.

உனக்கு அடுத்த பக்கத்தில் நான் எழுத ஆரம்பித்தேன். பச்சை. பச்சை. கரும்பச்சை. பன்னிரண்டு நாள் ஆகியும் அசையவில்லை. உன் தண்ணீர் போனது போனதுதான், இது வேறு தண்ணீர், என் கைக்கு இது வராது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நாட்களில் வாசலில் பெல் அடித்தால் நான் போவதில்லை. துக்கம் கேட்க வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பதிமூன்றாம் நாள் காலையில் பேப்பர் எடுக்க வெளியே போனவன் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தெரு ஸ்டெல்லா டீச்சர், மிஷன் பள்ளியில் சயின்ஸ் எடுப்பவர், கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் உன் எவர்சில்வர் டப்பா. மூடியில் உன் பேர் வெட்டியிருக்குமே, அது.

"நாலு தடவ வந்துட்டேன் அண்ணே. நீங்க தொறக்கவே இல்ல. அக்கா டப்பாவக் குடுத்துட்டுப் போகலாம்னுதான்."

டப்பாவைத் திறந்தேன். வெறும் டப்பாவாகத் திருப்பித் தரக் கூடாது என்று சீனி போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வந்ததும் தொட்டியைப் பார்த்தார்.

"இன்னும் மீன் விடலையா? அன்னைக்கே ரெடின்னாங்களே அக்கா."

சொன்னேன். கொட்டியது, உறிஞ்சியது, மோலி செத்தது எல்லாம். டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை என் கையிலிருந்து வாங்கினார்.

"அண்ணே, இதுல அக்கா எனக்கு என்ன குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாதி டீச்சருக்குன்னு எழுதிருந்தா. கொழம்போ பொரியலோன்னு நெனச்சேன்."

"ஸ்பாஞ்சு. ஃபில்டர்ல இருந்து எடுத்து, கத்திரியால பாதியா வெட்டி, தொட்டித் தண்ணியோட இதுல போட்டுக் குடுத்தாங்க. எங்க ஸ்கூல் லேப்ல தொட்டி வச்சிருக்கோம்ல, அதுல மீன் செத்துக்கிட்டே இருந்துச்சு. தயிருக்கு ஒற ஊத்துற மாதிரிதான் டீச்சர், இதப் போடுங்க, புடிச்சுக்கிரும்னாங்க. புடிச்சுக்கிருச்சு அண்ணே. அதுக்கப்புறம் ஒண்ணுகூடச் சாகல."

அவசரமாகக் கேட்டேன்.

"இப்ப இருக்கா?"

"இருக்கு. தண்ணிக்குள்ளயேதான் இருக்கு. நாளைக்கு ஸ்கூல்ல இருந்து எடுத்துட்டு வாரேன்."

மறுநாள் சாயங்காலம் அதே டப்பாவில் வந்தது. பழுப்பு நிறத்தில், வழவழவென்று, உள்ளங்கை அளவு. டீச்சர் பாதியை அங்கே வைத்துவிட்டுப் பாதியைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் அவர் வெட்டிய நேர் வெட்டு. இன்னொரு பக்கம் கோணலான வெட்டு, அது உன்னுடையது. அந்தத் துருப்பிடித்த கத்திரியில் உனக்கு எதுவும் நேராக வந்ததில்லை. அதைப் புது ஸ்பாஞ்சோடு சேர்த்து நூலால் கட்டித் தொட்டியில் விட்டேன். டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரையும் சொட்டு விடாமல் ஊற்றினேன்.

இரண்டு நாள் கரும்பச்சை. மூன்றாம் நாள் பச்சை. ஐந்தாம் நாள் இளம்பச்சை. எட்டாம் நாள் காலையில் குப்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள். நம்பாமல் இன்னொரு தடவை எடுத்தேன். மஞ்சள்தான். பதிவேட்டில் எழுதினேன். என் கையெழுத்து உன்னுடையது மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிறுவரை காத்திருந்தேன். நான் காத்திருந்தேன் என்பதை நம்புவாயா?

ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல் கடைக்காரரிடம், அந்த அங்கன்வாடி டீச்சர் என் வீட்டுக்காரிதான் என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆறு கப்பி மீன் எடுத்துத் தந்தார். நம் தண்ணீருக்கு அதுதான் தாங்கும், நீயும் அதைத்தான் கேட்டு வைத்திருந்தாய் என்றார். பையை வண்டியின் முன்கொக்கியில் மாட்டி, மெதுவாக ஓட்டி வந்தேன். பெரியார் நிலையம், பழங்காநத்தம், எல்லாம் தாண்டியாயிற்று. பசுமலையில் அந்த ஸ்பீட் பிரேக்கர் வந்தது. நான் எப்போதும் சொல்வேனே, அதைச் சொன்னேன்.

"கெட்டியாப் புடிச்சுக்க."

வண்டி ஏறி இறங்கிவிட்டது. என் தோளில் கை விழவில்லை.

ஓரங்கட்டி நிறுத்தினேன். அங்கேதான் வந்தது, தனம். எல்லாரும் எதிர்பார்த்த இடத்தில் வராமல், பசுமலை ரோட்டில், பட்டப்பகலில், பஸ்ஸெல்லாம் போகிற இடத்தில் வந்தது. ஹாண்டில்பாரில் தலையை வைத்து அழுதேன். இளநீர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "என்னண்ணே, பெட்ரோல் இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பைக்குள் ஆறும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அதுகளுக்குச் சூடு ஏறிவிடுமே என்று கிளம்பினேன்.

பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி மிதக்கவிட்டேன். பிறகு தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு டம்ளராகப் பைக்குள் ஊற்றினேன். அப்புறம்தான் விட்டேன். எல்லாம் நீ கடைக்காரரிடம் கேட்டுப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தபடி. மறுநாள் மேல்மட்டத்துக்கு வருகின்றனவா என்று காலையிலிருந்து நாற்காலி போட்டுப் பார்த்தேன். வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில், உன் ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

போன வாரம் அக்கா மேலூரிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டிக்குத்தான் போனாள். ஸ்பாஞ்சைக் காட்டினேன். டீச்சர் கதையைச் சொன்னேன். அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நாளைக்கு உனக்கோ எனக்கோ ஒண்ணு ஆச்சுன்னா, கொடத்துத் தண்ணியக் கொட்டட்டும். இதக் கொட்டக் கூடாதுன்னு அபிகிட்டச் சொல்லி வச்சிரு. எவளாச்சும் கை வச்சா நான் விட மாட்டேன்."

அபியிடம் சொல்லிவிட்டேன். சரிப்பா என்றாள். இட்லி என்று இத்தனை நாள் பொய் சொன்னதையும் சொன்னேன். தெரியும்ப்பா என்றாள்.

மரப்பு முழுதாக விடவில்லை. சில நாள் காலையில் எழுந்தால் இன்னும் உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. ஏழு மணிக்குத் தீனி போடப் போகிறேன். இப்போது தின்பதற்கு ஆள் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த ஸ்பாஞ்சை ஒரு நாளும் குழாய்த் தண்ணீரில் கழுவ மாட்டேன். யார் வந்து கேட்டாலும் பாதியை வெட்டி, உன் பேர் வெட்டின டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். எனக்கும் நேராக வெட்ட வராது, கோணலாகத்தான் இருக்கும். முதல் பக்கத்தில் நீ பெயர் எழுதாமல் விட்ட கோட்டில் "தனம்" என்று எழுதிவிட்டேன். இந்தத் தண்ணீர் இனி வற்றாது.

கேலி செய்வதை நிறுத்திவிட்ட,
உன் அத்தை மகன்.